பீங்கான் வீட்டில் அரை மணி

மலேசியாவின் ஆயர் ஈத்தாமில் அந்த மதுரைத் தம்பதிக்குள் மூண்ட சண்டை பீங்கான் விலையைப் பற்றியதல்ல. பீங்கான் கடைக்குள் அரை மணி நேரம் இருந்ததாக மனைவி சாதித்தார். கைக்கடிகாரத்தை நீட்டி, எட்டே நிமிடம் என்றார் கணவர்.

அவருக்கு இந்த ஊர்மீதே ஓர் அலட்சியம். கோலாலம்பூர்–சிங்கப்பூர் பழைய சாலையும் பத்து பகாட்–குளுவாங் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம்; 1994இல் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறந்தபின் அவசரக்காரர்கள் ஊருக்குள் நுழைவதில்லை. ‘நாமும் நேரே போயிருக்கலாம்’ என்று வேனிலிருந்து இறங்கும்போதே முனகினார்.

மனைவியை மடக்கியது ஓர் அலமாரி. போன்சாய்த் தட்டில் வைப்பதற்கான விரலளவு வீடுகள், ஒரு பாலம், தூண்டில் போடும் கிழவர். கொலுப்படிக்குக் கீழே மணலில் பூங்காவும் குளமும் அமைத்து வளர்ந்தவர் அவர், பார்த்ததும் குடிபுகுந்துவிட்டார். திண்ணையில் உட்கார்ந்தார், பாலத்தைக் கடந்தார், கிழவரோடு மீனுக்குக் காத்திருந்தார். வேன் போயிருக்கும் என்ற பயம் வந்ததும் வெளியே ஓடினார்.

டென்னசி பல்கலைக்கழகக் கட்டடக்கலைப் பள்ளியின் ஆல்டன் டி லாங் இருந்திருந்தால் மனைவி பக்கம் சேர்ந்திருப்பார். 1981இல் ‘சயன்ஸ்’ இதழில் அவர் எழுதிய ஆய்வு இந்த நேர மயக்கத்தைப் பற்றியதுதான். ஆறிலும் பன்னிரண்டிலும் இருபத்துநான்கிலும் ஒரு பங்காகச் சுருக்கிய அறை மாதிரிகள். பங்கேற்பவர் உள்ளே இருக்கும் குட்டி மனிதராகத் தன்னை எண்ணிக்கொண்டு, அரை மணி கழிந்ததாகத் தோன்றும்போது சொல்ல வேண்டும். பன்னிரண்டில் ஒரு பங்கு அறைக்குள் ‘இருந்தவர்கள்’ ஏறத்தாழ இரண்டரை நிமிடத்திலேயே சொல்லிவிட்டார்கள். ஆறில் ஒரு பங்கில் ஐந்து நிமிடம். அறை எவ்வளவு சுருங்கியதோ, கிட்டத்தட்ட அவ்வளவுக்கு நேரமும் சுருங்கியிருக்கிறது. கற்பனை செய்யச் சொல்லிவிட்டுக் கடிகாரம் பிடிப்பதில் கொஞ்சம் வில்லங்கம் இருக்கிறதுதான். ஆனால் கொலுப் பூங்காவின் முன் ஒரு மாலையில் ஊரையே கட்டி முடித்த பிள்ளைகள் இதை நம்ப மறுக்க மாட்டார்கள்.

சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்த விற்பனைப் பெண்ணுக்கு வேறு கவலை. “இந்த அலமாரிகிட்ட வர்றவங்க எல்லாம் இப்படித்தான் அக்கா. லேட்டாயிருச்சுன்னு ஒன்னும் வாங்காம ஓடிருவாங்க. பெரிய ஜாடி பாக்குறவங்கதான் ஆற அமர விலை பேசுவாங்க.”

மனைவி உள்ளே திரும்பி, ஆறு வெள்ளி கொடுத்துத் தூண்டில் கிழவரை வாங்கினார். கணவரோ வாசலில் நின்ற ஆளுயர ஜாடியைத் தட்டிப் பார்த்து, அதைக் கப்பலில் அனுப்ப என்ன ஆகும் என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தார். வேன் ஓட்டுநர் மூன்றாவது முறை ஹாரன் அடித்தும் பேரம் முடிந்தபாடில்லை.