தாராவியில் தங்கிவிட்டவர்கள்

பாளையங்கோட்டையில் பிறந்தவர்களுக்கு மிஷனரி என்றதும் நினைவுக்கு வருவது வெள்ளைக்கார முகம்தான். 1820இல் வந்து, 1838இல் எங்கள் மண்ணிலேயே அடங்கிய ரேனியஸ் ஐயர். இடையன்குடியில் கோயில் எழுப்பிய கால்டுவெல் ஐயர். அந்த மண்ணிலிருந்து பிழைக்கப் போன ஜனங்கள் நாலைந்து தலைமுறையாகத் தாராவியில் இருக்கிறார்கள். அவர்கள் நடுவே அந்த ஊழியத்தை இப்போது யார் செய்கிறார்கள்? இதைத் தெரிந்துகொள்ளவே நாகர்கோவில் – மும்பை எக்ஸ்பிரஸில் ஏறினேன். சோலாப்பூர் வந்தபோது காதில் விழுந்ததெல்லாம் மராத்தி. வெளிநாட்டுக்குப் போகிறவனின் கூச்சம் எனக்குள் வந்துவிட்டது.

முதலில் கொலாபா. அங்கே ஜார்ஜ் போவன் பெயரில் ஒரு மெதடிஸ்ட் தேவாலயம் இருக்கிறது. 1848இல் அமெரிக்காவிலிருந்து பம்பாய் வந்த போவன், மறு வருஷமே மிஷன் சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஏழைகள் நடுவே எளிய வீடொன்றில் குடியேறினார். 1888இல் இறக்கும்வரை ஊர் திரும்பவில்லை. அவரால் மதம் மாறியவர்கள் மிகச் சிலரே. தலைகளை எண்ணிப் பார்க்கிறவர்கள் அவரைத் தோற்றுப்போனவர் என்பார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. நாற்பது வருஷம் ஒரு ஊரில் வறுமையைப் பங்கிட்டுக்கொண்டு வாழ்வது சின்னக் காரியமா?

மாட்டுங்காவில் தமிழ்ப் பூக்கடைகளைத் தாண்டி நடந்தால் டான் பாஸ்கோ வளாகம். 1957இல் திறக்கப்பட்ட மாதா ஆலயம் பளிங்கில் மின்னுகிறது. அதை எழுப்பிய மாஸ்கியோ அடிகளார் இத்தாலியர். சிறு வயதிலேயே இந்தியா வந்து, வாழ்நாளை இங்கேயே கழித்தவர். அழகான கோயில். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பினேன்.

நான் தேடிவந்தது தாராவியில் கிடைத்தது. தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்து. எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். கீழே தோல் பை தைக்கும் பட்டறை; மேலே போக செங்குத்தான இரும்பு ஏணி, பிடித்துக்கொள்ள ஒரு கயிறு. மாடி அறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார் ஒரு கன்னியாஸ்திரி. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். எதிரே வள்ளியூர்ப் பக்கத்துப் பாட்டி ஒருவர், பாலித்தீன் பையிலிருந்து காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ரேஷன் கார்டில் பெயருக்கு முன்னால் இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் பின்னால். வாக்காளர் அட்டையிலோ, குடும்பப் பெயர் கேட்ட மராத்தி அதிகாரி கணவர் பெயரைக் கடைசியில் எழுதிவிட்டார். மூன்றும் ஒரே ஆள்தான் என்று அரசாங்கத்துக்கு நிரூபிக்க வேண்டும்.

“இதுதாண்ணே இப்ப எங்க ஊழியம்” என்றார் சிஸ்டர்.

சுவரில் மாரியம்மன் படம் மாட்டியிருந்தது. இவர்களை உங்கள் கோயிலுக்குக் கூப்பிடுவீர்களா என்று கேட்டேன். “அவங்களா கேட்டா பேசுவேன். கேக்கலைன்னாலும் ஃபாரம் நெரப்பணும்லாண்ணே?”

அவர் அவசரப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில், 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதாகச் சான்று காட்டுகிறவர்களுக்குத்தான் தாராவிக்குள் 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பின்னால் வந்தவர்களும் மாடி அறைவாசிகளும் வேறு இடத்துக்குப் போக வேண்டியதுதான். அதுவும் இலவசமில்லை. சாயங்காலம் சிஸ்டரிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் மாடி அறைப் பிள்ளைகள்.

இது புதிய கதையும் இல்லை. செம்பூருக்கு அப்பால், தமிழர்கள் நிறைய இருந்த ஜனதா காலனியை 1976இல் அணு ஆராய்ச்சி மையத்துக்காக இடித்து, அத்தனை பேரையும் சீட்டா கேம்புக்கு அனுப்பினார்கள். அதை எதிர்த்து ஜனங்களைத் திரட்டிய ஜோக்கின் அற்புதம், கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். பின்னாளில் மகசேசே விருது பெற்றவர். அன்று போராடியும் காலனி மிஞ்சவில்லை.

மாடி அறைப் பிள்ளைகளையும் அப்படி வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று சிஸ்டரிடம் கேட்டேன். “அவங்க போற எடத்துல ஒரு ரூம் வாடகைக்குப் பாக்கணும்” என்று சொல்லிவிட்டு அடுத்த காகிதத்தை எடுத்தார். ரேனியஸும் போவனும் செய்ததும் இதுதான்: ஜனங்கள் இருக்கும் இடத்தில் இருந்தார்கள். அந்த வரிசையில் இந்தப் பெண்ணையும் நான் தயங்காமல் சேர்ப்பேன்.

திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிப் பக்கம் இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். தாராவியில் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தால் இன்றைக்கே போன் போட்டுப் பேசுங்கள். அவர்களுடைய பழைய ரேஷன் கார்டோ, கரண்ட் பில்லோ, 2000க்கு முந்தைய எந்தக் காகிதமோ ஊர் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடந்தால், ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு அசலை ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவையுங்கள்.