அறிந்தவனும் செய்பவனும்

ஈசன் முக்காலமும் உணர்ந்தவன் என்பது நம் நாட்டில் பாமரர் முதல் பண்டிதர் வரை ஒப்புக்கொண்ட விஷயம். நாளை நடக்கப்போவது அவனுக்கு இன்றே தெரியும். அவன் அறிவு பொய்ப்பதில்லை. அப்படியானால், நாளை நாம் செய்யப்போவதை மாற்ற நமக்குச் சக்தி உண்டா? இல்லையென்றால், நல்லவனைப் புகழ்வதும் தீயவனைப் பழிப்பதும் வீண் அல்லவா? நாம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிவரும் இத்தனை ஆண்டுகளில், மாணவர் எவரேனும் இக்கேள்வியைக் கேட்காத ஆண்டில்லை.

பிள்ளைகள் கேட்டால் அது ஆராய்ச்சி. பெரியவர்கள் கேட்டாலோ பல சமயங்களில் அது சாக்கு. சில ஆண்டுகளுக்கு முன், நன்றாகப் படிக்கும் பெண் ஒருத்தியை அவள் தகப்பனார் பத்தாம் வகுப்போடு நிறுத்தத் துணிந்தார். ஜாதகத்தில் வித்தைக்கு இடமில்லையாம். “இவள் படிப்பு எங்கே முடியும் என்று ஆண்டவன் அறிவான், ஸார், மாற்றுவதற்கு நாம் யார்?” என்றார். “உங்கள் கழனியில் என்ன விளையும் என்பதையுந்தான் ஆண்டவன் அறிவான், ஐயா. அதற்காக இந்த ஆண்டு நாற்று விடாமல் இருந்தீர்களா?” என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டுப் போனார். பதிலும் சொல்லவில்லை, பெண்ணைப் பள்ளிக்கும் அனுப்பவில்லை.

சாமர்த்தியமான பேச்சு வாயை அடைக்கும்; மனத்திலுள்ள முடிச்சை அவிழ்க்காது. ஆகையால் முடிச்சையே பார்ப்போம்.

காவேரிப்பாக்கத்துப் பெரிய ஏரியின் கரைமேல் ஏறி நின்றால், கீழே வரப்பில் ஒருவன் நடந்து போவது தெரியும். நாம் பார்ப்பதால் அவன் நடக்கவில்லை. அவன் நடப்பதால் நாம் பார்க்கிறோம். ஆறாம் நூற்றாண்டில், சிறையில் மரண தண்டனையை எதிர்நோக்கியிருந்த ரோமாபுரி அறிஞர் போயத்தியஸ், கடவுளின் அறிவும் இத்தகையதே என்று எழுதினார். காலத்தின் கரைமேல் நிற்பவனுக்கு நேற்றும் நாளையும் ஒரே பார்வையில் அடங்கிவிடும். முன்னறிவு என்பது நாம் இட்ட பெயர். அவனுக்கு முன் ஏது, பின் ஏது?

நம் நாட்டுப் பக்தர் இதோடு திருப்தி அடையமாட்டார். ஈசன் கரைமேல் நின்று பார்ப்பவன் மட்டுமா? உள்ளே நின்று இயக்குபவனும் அவனே அல்லவா? இதற்கு விடை தந்தவர் இராமாநுஜர். நம் ஊரிலிருந்து காஞ்சிக்குப் போகும் வழியில், பாலுச்செட்டி சத்திரத்துக்கு அருகில் உள்ள திருப்புட்குழியில், அவர் இளமையில் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டதாகச் சொல்வார்கள். பிற்காலத்தில் அவர் இயற்றிய ஸ்ரீபாஷ்யத்தில் ஓர் உதாரணம் வருகிறது. இருவருக்குப் பொதுவான சொத்தை ஒருவன் மூன்றாமவனுக்குக் கொடுக்க விரும்பினால், மற்றவனுடைய சம்மதம் வேண்டும். ஆயினும் சம்மதம் கேட்டுக் கொடுத்தவன் முதல்வனே, பலனும் அவனுக்கே. அதுபோல முதல் முயற்சி ஜீவனுடையது. ஈசன் அம்முயற்சியைப் பார்த்து அனுமதி தருகிறான். அப்படி இல்லையேல், இதைச் செய், இதைச் செய்யாதே என்னும் சாஸ்திரத்துக்கே பொருள் இராது. பங்காளிச் சொத்தின் சங்கடங்களை அறிந்த நம்மவர்க்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமா?

கீதையும் இதற்குச் சாட்சி. பதினோராம் அத்தியாயத்தில் கண்ணன், எதிரிகள் தன்னால் முன்பே கொல்லப்பட்டவர்கள் என்றும், அர்ஜுனன் கருவியாக இருந்தால் போதும் என்றும் சொல்கிறான். அதோடு நின்றிருந்தால் வாதம் முடிந்தது. பதினெட்டாம் அத்தியாயத்திலோ, யாவற்றையும் ஆராய்ந்து விருப்பப்படி செய்யுமாறு விட்டுவிடுகிறான். முடிவை அறிந்தவனே தீர்மானத்தை அர்ஜுனன் கையில் கொடுக்கிறான்!

இது வெறும் வேதாந்த விசாரம் அன்று. 2015 ஜனவரி 31-ஆம் நாள் அதிகாலையில், பக்கத்து இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில், தோல் ஆலைக் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து, கழிவுச் சேறு அடுத்த ஆலைக்குள் பாய்ந்தது. அங்கே உறங்கிக்கொண்டிருந்த 10 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள். இத்தகைய சமயத்தில் விதி என்னும் சொல் எளிதாக நாவில் வந்துவிடுகிறது. மகனை இழந்த தாய் சொன்னால் அது ஆறுதல். அவளிடம் தர்க்கம் பேசுபவன் கல்நெஞ்சன். தொட்டியைக் கட்டவும் கண்காணிக்கவும் பொறுப்பேற்றவர் அதையே சொன்னால், அது தப்பித்துக்கொள்ளும் வழி. ஆண்டவன் அறிந்திருந்ததனால் சுவர் இடியவில்லை. சுவரைப் பலமாகக் கட்டுவதும், பழுது கண்டால் பார்ப்பதும் மனிதர் வேலை.

வள்ளுவர் 38-ஆம் அதிகாரத்தில் ஊழின் வலிமையைச் சொல்லி அறத்துப்பாலை முடித்தார். நூலை அங்கே முடிக்கவில்லை. 62-ஆம் அதிகாரத்தில், சோர்வின்றி உழைப்பவனுக்கு ஊழும் பின்வாங்கும் என்னும் கருத்தை வைத்தார். ஊழை உணர்ந்த புலவரே முயற்சியையும் போற்றினார்.

ஆகவே, நேயர்களே, நடந்து முடிந்ததற்கு விதி என்று பெயரிட்டு மனந்தேறுவோம். நடக்கவேண்டியதற்கு முன்கூட்டியே அப்பெயரைச் சூட்டாதிருப்போம். நாளை என்ன என்பதை ஈசன் அறிவான். நாம் அறிந்தது இன்று செய்யவேண்டியதை மட்டுமே. அதைச் செய்யாமலிருக்க அவனைச் சாட்சிக்கு அழைப்பது பக்தி ஆகாது.