இரு செவிக்கருவிகள்

கேள்வியின் பெருமையை விளக்கத் திருவள்ளுவர் தனியே ஓர் அதிகாரம் வகுத்தனர். கேட்கின்ற செவியின் நலத்தைப் பற்றியோ யாம் பெரிதும் எண்ணுவதில்லை. கண் மங்கினால் எழுத்து மறைகின்றது, உடனே அறிகின்றோம். செவி மங்கினாலோ, இன்ன ஒலி கேளாமற் போயிற்றென்று அறிவதற்கே வழியில்லை. இவ்வுண்மையை யாம் நூலிற் கற்கவில்லை. இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடப் புகுந்த இடத்திற் கற்றோம். அவ்வரலாற்றை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

எம் இல்லம் காஞ்சிமாநகரின் பிள்ளையார்பாளையத்தில் உள்ளது. தந்தையார் குழித்தறியிற் பட்டு நெய்பவர். மிதியின் ஓசையும், நாடா ஓடும் ஓசையும், பலகை ஊடையை அடிக்கும் ஓசையும், தலைக்குமேல் ஜக்கார்டுப் பெட்டியின் ஓசையும் விடியல் தொடங்கி விளக்கேற்றும் வரை ஓயா. விடுமுறையில் யாம் நன்னூலை விரித்து அமரும்பொழுதெல்லாம் சூத்திரத்திற்கும் உரைக்கும் இடையே தறி புகுந்து பேசும். ஆதலால், புறவோசையை அடைக்கும் ஹெட்போன் ஒன்று வேண்டுமென்று சென்னையிலிருக்கும் தாய்மாமனாரைக் கேட்டோம். அவர் இசையிற் பெரும்பற்றுடையவர். ஒன்று கேட்ட எமக்கு இரண்டு கொடுத்தார். “ஓராண்டு வைத்திருந்து கேள், மனத்திற்குப் பிடித்ததை வைத்துக்கொள், மற்றதைத் திருப்பிக் கொடு” என்றார். மகிழ்ச்சியோடு வீடு வந்து அணிந்து பார்த்தால், தறியோசை முன்போலவே கேட்டது! இரண்டும் முதுகு திறந்த ஹெட்போன்கள்.

முதுகு திறந்த ஹெட்போன் என்பது யாதெனிற் கூறுவோம். எந்த ஹெட்போனிலும் செவிக்கு எதிரே மெல்லிய சவ்வொன்று அதிர்கின்றது. அச்சவ்வு முன்னே காற்றைத் தள்ளும்பொழுதே பின்னேயும் தள்ளுகின்றது. பின்புறம் மூடியிருப்பின் அவ்வலை சுவரில் மோதி மீண்டு முன்னலையோடு கலந்து குழப்பும். அம்மூடிக்கு மாறாகக் கம்பிவலையை வைத்துவிட்டால், பின்னலை தடையின்றி வெளியே போய்விடும். அதனால் இசை தலைக்குள் அடைபட்டதுபோல் இராது, கூடமொன்றில் எதிரேயிருந்து பாடுவதுபோல் விரிந்து கேட்கும். ஜெர்மனி நாட்டுச் சென்ஹைசர் நிறுவனத்தார் 1968-ஆம் ஆண்டில் வெளியிட்ட எச்டி 414 இவ்வகைக்குத் தொடக்கமாயிற்று. குறையும் உண்டு: உள்ளொலி வெளியே ஒழுகும், வெளியொலி உள்ளே நுழையும். மாணவர் விடுதியில் யாம் நள்ளிரவிற் கேட்ட பாட்டை அறைத்தோழரும் விரும்பாமலே கேட்க நேர்ந்ததும், அவர் தலையணை எம்மை நோக்கிப் பறந்து வந்ததும் இவ்விலக்கணத்திற்கு எடுத்துக்காட்டாம்.

மாமனார் தந்தவற்றுள் ஒன்று 1997-இல் வெளிவந்த சென்ஹைசர் எச்டி 600. மற்றொன்று அந்நாட்டுப் பேயர்டைனமிக் நிறுவனத்தாரின் டிடி 990 புரோ. முன்னதன் மின்தடை 300 ஓம்; பின்னதன் தடை 250 ஓம். கைப்பேசியிற் செருகினால் இரண்டும் நோயாளிபோல் முனகும். ஆதலாற் சிறிய ஆம்பிளிபையர் ஒன்றும் உடன் தந்திருந்தார். எடையில் இரண்டும் ஏறக்குறைய கால் கிலோ. எச்டி 600 முதல் மாதம் தலையை இறுகப் பற்றிற்று. டிடி 990 பஞ்சணைபோல் அமர்ந்தது. முன்னதன் கம்பியைக் கழற்றி மாற்றலாம். பின்னதன் சுருட்கம்பி நிலையாகப் பிணைக்கப்பட்டது, மேசையினின்று எழும்பொழுதெல்லாம் எம்மைப் பின்னே இழுக்கும்.

இனி ஒலியைக் கூறுவோம். இக்காஞ்சியில் 1919-இற் பிறந்தவரும், இளமையிற் காஞ்சீபுரம் நயினாப் பிள்ளையவர்களின் இசையைக் கேட்டு ஊக்கம் பெற்றவருமான டி. கே. பட்டம்மாள் அவர்களின் கச்சேரிப் பதிவுகளையும், எம் ஆலயப் பாடகர் குழுவின் கீர்த்தனைப் பதிவுகளையும் மாறிமாறிக் கேட்டோம். எச்டி 600-இற் குரலே அரசு செலுத்திற்று. வயலினும் மிருதங்கமும் தத்தம் இடத்தில் அடக்கமாக நின்றன. டிடி 990-இல் மிருதங்கத்தின் தொப்பி அதிர்ந்தது, மேலொலிகள் மின்னின. விநாடிக்கு 8,000 அதிர்வுகளை ஒட்டிய இடத்தில் அதன் ஒலி எடுப்பாக நிற்கும் என்பர். பாடுவோர் வாயிற் பிறக்கும் சகரம் ஒவ்வொன்றும் ஊசிபோல் எம் செவியிற் குத்திற்று. எச்டி 600-ஏ சிறந்தது என்று குறிப்பேட்டில் எழுதி, கீழே இருமுறை கோடும் இட்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தறி ஓய்ந்திருந்த பிற்பகலில், தந்தையாரையும் கேட்கச் செய்தோம். முதலில் எச்டி 600. அவர் கண்மூடிக் கேட்டு, “நன்றாயிருக்கிறது, தம்பி. ஆனால் உடல்தான் இருக்கிறது, கரையைக் காணோம்” என்றார். காஞ்சிப் புடைவையில் உடலும் கரையும் வேறுவேறு நிறத்திற் கோர்வையாக நெய்யப்படும், கரையிலேதான் ஜரிகை. பின்பு டிடி 990-ஐ அணிந்தார், குமிழை யாம் நிறுத்தும் இடத்திற்கும் மேலே திருகினார், முகம் மலர்ந்தது. “இதிலேதான் ஜரிகை தெரிகிறது!” என்றார்.

யாம் உள்ளுக்குள் நகைத்தோம். உடலைக் கரை விழுங்கிய புடைவையைத் தேர்ந்த நெசவாளரே மெச்சுகின்றாரே, இசையில் இவர்க்குச் சுவையில்லை போலும் என்று எண்ணினோம். அப்பொழுது ஆலயக் கீர்த்தனை ஓடிக்கொண்டிருந்தது. தந்தையார் தலை நிமிர்ந்து, “தாளம் கேட்கிறதே! இப்பொழுதெல்லாம் கோயிலிலே தாளம் போடுவதை நிறுத்திவிட்டார்கள் அல்லவா? இது பழைய பதிவோ?” என்றார்.

அப்பதிவு சென்ற மாதத்தது. அன்று காலை ஆராதனையிலும் அத்தாளம் எம் இருவர் எதிரேயும் கணீரென்று ஒலித்தது. யாம் கேட்டோம், அவர் கேட்கவில்லை.

எம் நகைப்பு அவ்விடத்தே அற்றது. பல நாள் கண்டும் பொருளுணராதிருந்தவை ஒவ்வொன்றாக நினைவிற்கு வந்தன. அன்னையார் “சட்டி” என்றால் அவர் “கட்டியா?” என்பார், யாம் கேலி செய்வோம். உயிரெழுத்துகளின் ஒலி பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வில் நிற்க, மெய்யெழுத்துகள் பலவற்றை வேறுபடுத்திக் காட்டும் நுண்ணொலிகள் உயர்ந்த அதிர்வில் உள்ளன. அவர்க்கு உயிர் கேட்டது, மெய் கேட்கவில்லை. எழுத்திலக்கணம் பயிலும் எமக்கு இது தோன்றாமற் போயிற்று! ஆலயத்திற் பின்வரிசையில் அமர்ந்தவர் சில ஆண்டுகளாக முன்வரிசைக்கு வந்ததைப் பக்தியின் வளர்ச்சி என்று எண்ணியிருந்தோம். அவரோ போதகரின் வாயசைவைக் காண வந்திருந்தார்.

மறுவாரம் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் செவியைச் சோதித்து, விநாடிக்கு 3,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலிகள் பெரிதும் குன்றியுள்ளன என்றார். “இளமையில் என்ன தொழில்?” என்று வினவினார். தந்தையார் சொந்தத் தறி போடுமுன் பன்னிரண்டு ஆண்டுகள் விசைத்தறிக் கொட்டகையில் வேலை செய்தவர். அங்கே ஒருவரோடொருவர் பேசுவது சைகையாலேயே என்பார். அவ்விரைச்சலும் அதன்மேல் வயதும் சேர்ந்த பயன் இது என்று மருத்துவர் விளக்கினார். நத்தையின் ஓடுபோற் சுருண்ட அகச்செவியின் வாயிலிலேயே உயர்ந்த ஒலிகளை வாங்கும் நுண்மயிர் அணுக்கள் உள்ளன. பேரொலியால் அவையே முன்னர்க் கெடுகின்றன. மனிதர்க்கு அவை மீண்டும் முளைப்பதில்லை.

ஹெட்போன் இந்நோய்க்கு மருந்தன்று. செவித்துணைக் கருவிக்கு அளவெடுக்க நாள் குறித்துள்ளோம். கையிலுள்ள புடைவை அறுக்கட்டும் என்று இருமுறை தள்ளிப்போட்டவர் இப்பொழுது இசைந்துள்ளார். குமிழ் எல்லை கடவாதபடி அதன்மேல் மையினாற் கோடிட்டோம். தறி ஓடும்பொழுது அணியலாகாது என்பதும் எம் வீட்டுச் சட்டம்; திறந்த முதுகின் வழியே இரைச்சல் புகுந்தால் அதனை வெல்லக் கை தானே ஒலியைக் கூட்டும், அதனால் எஞ்சிய செவியும் கெடும். இக்கேடு நெசவாளர்க்கு மட்டும் உரியதன்று. மின்சார ரயிலின் இரைச்சலை வெல்லக் கைப்பேசியின் ஒலியைக் கூட்டும் எம் வகுப்புத் தோழர்க்கும் உரியது. வாரத்திற்கு 40 மணி நேரம், 80 டெசிபெல் அளவைக் கடவாமற் கேட்பதே பெரியோர்க்குரிய எல்லை என உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது.

ஆண்டு முடிந்து மாமனார் வந்தார். எச்டி 600-ஐத் துடைத்துப் பெட்டியில் வைத்து அவர் கையிற் கொடுத்தோம். “குறிப்பேட்டில் இதைத்தானே சிறந்தது என்று எழுதியிருக்கிறாய்?” என்று வியந்தார். எழுதியது உண்மை, இன்றும் அதுவே எம் கருத்து. ஆயினும் அக்குறிப்பை எழுதியது பத்தொன்பது வயதுச் செவி. கருவிகளை ஒப்பிட்டதாக எண்ணியிருந்த யாம், இரண்டு செவிகளையே ஒப்பிட்டிருந்தோம். ஒருவர்க்குக் குத்தும் ஊசி மற்றொருவர்க்கு ஜரிகையாகின்றது. அவர் சுவையைப் பழிக்குமுன் அவர் செவி பட்ட பாட்டை வினவியிருக்க வேண்டும்.

மாணவ நண்பர்களே! இவ்விடுமுறையில் இல்லம் செல்லும்பொழுது, உங்கள் பெற்றோர் இருமுறை கேட்கும் சொல் எதுவென்று சற்றே கவனித்துப் பாருங்கள்.

டிடி 990 இப்பொழுது எம் தந்தையாரின் தறிக்கு எதிர்ச்சுவரில் ஆணியொன்றில் தொங்குகின்றது. மாலையில் தறி ஓய்ந்தபின் அவர் அதனை அணிந்து அரைமணி நேரம் கீர்த்தனை கேட்கிறார். திறந்த முதுகின் வழியே அப்பாட்டு அறையெங்கும் மெல்ல ஒழுகுகின்றது. நன்னூலை மூடிவைத்து யாமும் கேட்கின்றோம்.