கோயிலுக்குள் அடைபட்ட குடிசை

ஜூலை 15

இன்று காமராஜர் பிறந்த நாள். விருதுநகரில் அவர் வாழ்ந்த சிறிய வீடு அரசின் நினைவு இல்லமாக இருக்கிறது. அதைப் பெரிதாக்கிக் கட்டினால்தான் மரியாதை என்று சொல்பவர்கள், அமெரிக்காவில் லிங்கன் பிறந்ததாகச் சொல்லப்பட்ட மரக்கட்டைக் குடிசைக்கு நேர்ந்ததை அறிவது நல்லது. கென்டக்கியில் கிரானைட்டும் பளிங்கும் கொண்டு, கிரேக்கக் கோயில் பாணியில் மண்டபம் எழுப்பி, 1911இல் அதைத் திறந்துவைத்தார்கள். லிங்கனின் வயதுக்கு ஒன்றாக 56 படிகள். 1916இல் அது தேசியப் பூங்காவும் ஆனது. ஆனால் பார்வையாளர்கள் சுற்றிவர இடம் போதாதென்று, உள்ளே வைத்த குடிசையின் அளவையே குறைத்துவிட்டார்கள்! 2004இல் மர வளையங்களை ஆராய்ந்தபோது, அந்தக் கட்டைகள் 1840களைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. லிங்கன் பிறந்ததோ 1809இல். இப்போது அதை அடையாளக் குடிசை என்றுதான் சொல்கிறார்கள்.

போலியானால் என்ன, வருகிறவர்களின் உணர்ச்சி உண்மைதானே என்று கேட்கலாம். உணர்ச்சிக்குச் சிலை போதும். வீட்டைக் காப்பது சான்றுக்காக. விருதுநகர் வீட்டிலும் படங்களும் பொருள்களும் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. அவர் விட்டுச்சென்றபடியே அது இல்லை என்பது சரிதான். ஆனாலும் வீடு தன் தெருவில், தன் அளவில் நிற்கிறது.

ஜூலை 16

நேற்று எழுதியதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: எளிய வீட்டைக் காட்டுவது ஏழ்மையைப் புனிதமாக்குவதாகாதா? வீட்டை மட்டும் காட்டினால் அப்படித்தான் ஆகும். ஏழ்மை யாரையும் தலைவராக்குவதில்லை; அது காமராஜரைப் பள்ளியிலிருந்து பாதியில் துணிக்கடைக்கு அனுப்பியது. தேங்காய் வியாபாரியான தந்தை, மகன் சிறுவனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கும் எழுத்தறிவு கிடைத்ததற்குக் காரணம் விருதுநகரின் சத்திரிய வித்தியாசாலை என்ற பள்ளி. அதைத் தாங்கியவை வியாபாரிகள் சரக்குக்குக் கொடுத்த மகிமைப் பணமும், வீடுதோறும் சமைக்குமுன் எடுத்து வைத்த பிடி அரிசியும். பிற்காலத்தில் மதிய உணவைப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்ற முதலமைச்சரைப் புரிந்துகொள்ள இந்தப் பிடி அரிசி உதவும். எந்தப் பளிங்கும் உதவாது. (1967இல் அவரைத் தோற்கடித்ததும் இதே ஊர்தான். வழிபாட்டு மண்டபம் எழுப்பினால் அந்தக் கணக்கை எந்தச் சுவரில் எழுதுவது?)

நினைவு இல்லத்துக்கு வருகிறவர்களுக்குக் கழிப்பறையும் நிழலும் வேண்டும்தான். அவற்றை வீட்டைத் தொடாமல் அருகில் அமைக்கலாம். அரசு செலவிட விரும்பினால், அந்த வீட்டிலிருந்து பள்ளிவரை நடக்க வழிகாட்டும் பலகைகளை வைக்கட்டும். சிவகாசி, சாத்தூரிலிருந்து மாலையோடு வருகிறவர்களும் அந்தப் பள்ளியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும்.