ரிம் பெரிதானால் டயரின் சதை குறையும்

டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் 265/65 ஆர்17, 265/60 ஆர்18 என்ற இரு டயர் அளவுகளில் வருகிறது. இரண்டின் வெளிவிட்டமும் ஏறத்தாழ 776 மி.மீ.தான். ரிம் ஓர் அங்குலம் பெரிதாகும்போது டயரின் பக்கச்சுவர் 172 மி.மீ.யிலிருந்து 159 ஆகச் சுருங்குகிறது. பள்ளத்தின் அடியை முதலில் வாங்குவது அந்தச் சுவர். அதனால் சுமையேற்றி மண்சாலையில் ஓடும் வண்டிக்கு 17 அங்குலமே சரி என்பேன். சுவர் தாழ்ந்தால் நெடுஞ்சாலை வளைவில் ஸ்டியரிங் துல்லியமாகும் என்பார்கள். உண்மைதான், ஆனால் பாரவண்டிக்கு அது இரண்டாம்பட்சம்.

உயரத்துக்காக 285/70 ஆர்17 போடுவோரும் உண்டு. விட்டம் 831 மி.மீ. ஆகும். தரை இடைவெளி 27 மி.மீ. கூடுவது பாறைத்தடத்தில் பெரிய உதவிதான். ஆனால் முன்பு 100 கி.மீ. வேகம் காட்டிய இடத்தில் வண்டி 107இல் ஓடும். இழுவை குறையும், பிரேக்குக்கு வேலை கூடும். எந்த அளவானாலும் கம்பெனி சொன்ன சுமைக் குறியீட்டுக்குக் கீழே இறங்கவே கூடாது.