எதிரே வரும் ஹெரால்டு

வ. புதுப்பட்டியிலிருந்து கிருஷ்ணன்கோவில் வந்து, நெடுஞ்சாலையில் ஏறித் திருவில்லிபுத்தூர் வழியாக இராசபாளையம் செல்வது எங்கள் வீட்டாருக்கு வாடிக்கையான பயணம். மேற்கே மலைத்தொடர் கூடவே வரும். ஆண்டாள் கோயில் கோபுரம் தொலைவிலேயே தலை காட்டும். நாங்களோ எதிரே வரும் கார்களின் முகத்தையே பார்த்துக்கொண்டு போவோம். ஹெரால்டு ஒன்று வருகிறதா என்பதே எங்கள் கவலை.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் காரை இளைய வாசகர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டை ஒட்டி, 1961 முதல் சென்னையில் செய்யப்பட்டது. உருவம் வகுத்தவர் இத்தாலியரான மிக்கலோட்டி. இதே அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற இருவர் அமரும் விளையாட்டுக் காரைச் செய்தார்கள். ஆகவே எங்கள் 948 சி.சி. வண்டியை விளையாட்டுக் காருக்கு உறவுமுறை என்று நாங்கள் சொல்லிக்கொண்டதில் உண்மை கொஞ்சமும் பெருமை நிறையவும் இருந்தன.

முன்மூடி முழுவதும் எழுந்து முன்னோக்கிக் கவிழும்; சக்கரத்தின்மேல் அமர்ந்தே பழுது பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும். பலவீனம் பின் ஆக்சிலில் இருந்தது.

ஹெரால்டு வைத்திருந்தோர் வழியில் சந்தித்தால் விளக்கை ஒருமுறை சிமிட்டுவார்கள். பெயர் தெரியாது, ஊரும் தெரியாது. அந்தச் சிமிட்டலுக்காக நாங்கள் பின் இருக்கையில் சண்டையிட்டுச் சன்னலோரம் பிடிப்போம்.

1974-இல் ஒரு மாலை, பேறுகாலத்து வலியோடு தாயாரை இராசபாளையம் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கையில், கிருஷ்ணன்கோவிலைத் தாண்டியதும் ஆக்சில் ஒடிந்தது. பேருந்து போய்விட்ட நேரம். தந்தையார் நடுச்சாலையில் நின்றார். எதிரே மதுரை நோக்கி வந்த சாம்பல் நிற ஹெரால்டு ஒன்று விளக்கைச் சிமிட்டியபடி நின்றது. “அண்ணாச்சி, மதினியை முதலில் ஏற்றுங்கள்” என்றார் அவர். அந்தச் சாலையில் பின்னுக்கு எடுக்காமல் ஒரே மூச்சில் வண்டியைத் திருப்பியது இன்றும் கண்ணில் நிற்கிறது. தம்பி அன்றிரவே பிறந்தான்.

அம்மனிதர் மறுநாள் தம்மிடமிருந்த ஆக்சிலையும் கொடுத்துப் பணம் வாங்க மறுத்துவிட்டார். தந்தையார் மதுரையில் புதிதாக ஒன்று வாங்கி, திருப்பிக் கொடுக்கப் போனபோது, அவர் வேலை மாற்றலாகி ஊரைவிட்டே போயிருந்தார். ஆக்சில் எண்ணெய் தடவிய சாக்கில் பரணுக்குப் போயிற்று. 1991-இல் வீட்டுக் கடனுக்காகக் காரை விற்றபோதும் அதை மட்டும் தந்தையார் கொடுக்கவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை. சாலையைப் பார்ப்பதை மட்டும் விடவில்லை. சாம்பல் நிறம் கண்டால் இன்னும் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

சென்ற ஆண்டு திருவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை வாசலில் வெள்ளை ஹெரால்டு ஒன்று நின்றது. ஓட்டி வந்தவர் இளைஞர். தந்தையார் கோலை ஊன்றியபடி வண்டியைச் சுற்றி வந்து, “ஆக்சில் எப்படி, தம்பி?” என்றார். “அதுதான் பயம், ஐயா. மாற்று கிடைக்கவில்லை” என்றார் அவர்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் வீடு திரும்பியபோது வெள்ளைக் கார் வாசலில் நின்றது. தம்பி பரணிலிருந்து சாக்கை இறக்கினான். இளைஞர் விலை கேட்டார். தந்தையார் காதில் வாங்காதவர்போல, “ஒரு சுற்றுப் போய்வரலாமா?” என்றார்.

எங்கள் தெரு மிகக் குறுகலானது. வண்டி அதிலேயே ஒரே வீச்சில் திரும்பியது. தந்தையார் சன்னலுக்கு வெளியே கைநீட்டி, விளக்கைச் சிமிட்டும்படி அந்த இளைஞருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.