கண்ணாடி மாற்றப் போனேன்...

"நாற்பது தாண்டினா வெள்ளெழுத்து வரும்டி" என்று என் மாமியார் சொல்லும்போதெல்லாம் சிரிப்பேன். நாற்பத்து மூன்றில் எனக்கும் வந்தது. ஊசியில் நூல் கோக்க மகளைக் கூப்பிட வேண்டியதாயிற்று. கேழ்வரகில் கிடந்த கல் என் கண்ணுக்குத் தப்பி, அவர் பல்லில் மாட்டியது!

எங்கள் ஊர் வேப்பனப்பள்ளி. கர்நாடகமும் ஆந்திரமும் பக்கத்திலேயே. பஸ் ஏறி வெளியூர்க் கண்ணாடிக் கடை ஒன்றுக்குப் போனோம். மெஷினில் தாடையை வைக்கச் சொன்னார்கள். ஒரு சீட்டு வந்தது. அந்த நம்பருக்கே கண்ணாடி போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஐந்தே நிமிஷம்!

போட்டதும் தரை மேடும் பள்ளமுமாகத் தெரிந்தது. "பழகப் பழகச் சரியாயிடும்" என்றார்கள். பழகியதென்னவோ தலைவலிதான். ஒருநாள் கொதிக்கும் கஞ்சியோடு கொல்லைப் படியில் தடுக்கி விழப் பார்த்தேன்.

"கடையை விடு, கண் டாக்டர்கிட்டே போ" என்றார் பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்கா. கிருஷ்ணகிரியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம்.

அவர் முதலில் என் பேச்சைத்தான் கேட்டார். என்ன வேலை, எவ்வளவு தூரத்தில் வைத்துப் படிப்பேன், வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்றெல்லாம் விசாரித்தார். பிறகு சோதனைக் கண்ணாடியை மாட்டி, ஒவ்வொரு வில்லையாக மாற்றி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று பொறுமையாகக் கேட்டார். மெஷின் நம்பர் வெறும் ஆரம்பம்தானாம். என் கண்ணாடியில் சிலிண்டர் பவரின் கோணமே மாறியிருந்தது.

"பார்வை ஒருநாள் தெளிவா, ஒருநாள் மங்கலா இருக்கா?"

இருந்தது. உடனே ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். சர்க்கரை எக்கச்சக்கம்!

"சர்க்கரை ஏறி இறங்கினா கண்ணுக்குள்ளே இருக்கிற லென்ஸும் மாறும், நம்பரும் மாறும். இப்போ கண்ணாடி போட்டா காசு தண்டம். கட்டுக்குள் வந்த பிறகு வாங்க" என்றார். சொட்டு மருந்து விட்டு விழித்திரையையும் பார்த்தார். நல்லவேளை, பழுதில்லை.

"கண்ணாடி கேட்டா வியாதியைக் கொடுத்து அனுப்பிட்டாங்களே!" என்றார் இவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அம்மாவுக்கும் சர்க்கரைதான். கடைசியில் பேரப்பிள்ளைகளைக் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டாள். அவளை யாரும் இப்படிச் சோதித்துப் பார்க்கவில்லை.

மருந்து, நடை, அளவான களி என்று இரண்டு மாதம் போயிற்று. மறுபடி போனேன். நம்பர் வேறாகத்தான் இருந்தது. புதுக் கண்ணாடியில் இப்போது ஊசி கோப்பவள் நானே!

நல்ல வைத்தியத்துக்குப் பெரிய கட்டிடம் வேண்டுமென்பதில்லை. மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியபோது இருந்தவை 11 படுக்கைகளே. வாதத்தால் வளைந்த விரல்களோடு ஆயிரக்கணக்கானோருக்குக் கண் ஆபரேஷன் செய்தவர் அவர்.

சகோதரிகளே! கண் பரிசோதனைக்குப் பழைய கண்ணாடியையும் எடுத்துப் போங்கள். புதியதைப் போட்டு, நடந்து, படித்துப் பாருங்கள். தலைவலி நீடித்தால் திரும்பப் போகத் தயங்காதீர்கள். சின்னக் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பதே நல்லது. இல்லாவிட்டால் நம்பர் தப்பாகக் காட்டலாம். சர்க்கரை இருந்தால் வருஷம் ஒருமுறை விழித்திரையைக் காட்டிவிடுங்கள்.

நம்பரை மட்டும் எழுதித் தருபவரைவிட, நாலு கேள்வி கேட்பவரே நல்ல கண் டாக்டர்!